திங்குறதெல்லாம் எங்கே போகுது?

எங்கள் மாமா வீரவநல்லூரில் வயர்மேன். ஐந்தே முக்கால் அடி உயரம் இருப்பார். எடை 55 கிலோவைத் தாண்டியிருக்காது. தெருவில் நடந்து வந்தால் சட்டை மட்டும் தனியாக வருகிற மாதிரி இருக்கும். எனக்கு ஒன்பது வயது. முழுப்பரீட்சை லீவுக்கு ஆச்சி வீட்டில் இருந்தேன். ஒரு ராத்திரி என்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் புரோட்டாக் கடைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஏற்கெனவே பந்தயம் பேசி வைத்திருந்தார்கள். இருபது புரோட்டா தின்றால் கூட்டாளிகள் பில் கொடுப்பார்கள். ஒன்று குறைந்தாலும் மாமாதான் அத்தனை பேருக்கும் வாங்கித் தர வேண்டும்.

மாமா அவசரப்படவில்லை. மாஸ்டர் கல்லிலிருந்து எடுத்ததை அடுக்கி, இரண்டு கையாலும் பக்கவாட்டில் நாலு அடி அடித்து, உதிர்ந்த புரோட்டாவை இலையில் போடுவார். மாமா அதைப் பிய்த்துப் பரப்பி, மேலே சால்னாவைக் குளம் கட்டிவிட்டு, ஊறுகிற வரைக்கும் வெங்காயத்தை மென்றுகொண்டிருப்பார். ஊறியதும் நாலே வாய். இலை காலி. இருபதைத் தாண்டி இன்னும் இரண்டு போட்டுக்கொண்டு, 22-இல் நிறுத்தினார். கை கழுவிவிட்டு வந்து என்னிடம், “ஒரு ஆம்லேட்டு சொல்லுவமாலே மருமவனே?” என்றார். கடையே சிரித்தது.

வீட்டுக்கு வந்து நான் ஒப்பித்ததும் ஆச்சி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். “சவத்துப் பயலுக்குத் திங்குறதெல்லாம் எங்கதான் போகுதோ! ஒரு சொட்டுச் சதை பிடிக்க மாட்டேங்கு.”

ஆச்சியின் கேள்வியை உலகமே கேட்ட நாள் ஒன்று உண்டு. 2001 ஜூலை 4. அமெரிக்காவில் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் ‘நாதன்ஸ்’ என்ற ஹாட்டாக் கடை ஆண்டுதோறும் நடத்தும் போட்டி. ஹாட்டாக் என்றால் நீளமான பன்னுக்குள் ஒரு சாசேஜை வைத்துக் கொடுப்பது. அதுவரைக்கும் சாதனை 12 நிமிடத்தில் 25 சொச்சம். மேடையில் நின்றவர்களில் பாதிப்பேர் மலை மாதிரி ஆட்கள். அவர்களுக்கு நடுவே ஜப்பானிலிருந்து வந்த தக்கேரு கோபயாஷி என்ற 23 வயதுப் பையன், எடை 60 கிலோ பக்கம். அவன் தின்றது 50. எண்ணிக்கையைத் தூக்கிக் காட்டும் அட்டைகள் தீர்ந்துபோய், கையால் எழுதிக் காட்டவேண்டியதாயிற்று.

அதே ஆண்டுகளில் சோன்யா தாமஸ் என்ற பெண்மணி 2003-இல் 6 நிமிடம் 40 விநாடியில் 65 அவித்த முட்டை தின்றார். ஒரு முட்டை 50 கிராம் என்றால் மூன்றே கால் கிலோ. அவருடைய எடையே 45 கிலோ சொச்சம்தான்.

நம் ஊரில் இதற்குத் தயாராக ஒரு பதில் வைத்திருப்போம்: “அவன் உடம்பு வாகு அப்படி”, “அவனுக்குச் சூட்டு உடம்பு, எல்லாம் எரிஞ்சிரும்.” இன்னும் சிலர் ‘வயிற்றில் புழு இருக்கும்’ என்பார்கள். ஆச்சி இந்தக் கட்சி. மாமாவுக்கு வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்துப் பார்த்தாள். மூன்றுமே விடை இல்லை. நாம் இரண்டு கேள்வியை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம் என்பதுதான் விஷயம். ஒரே உட்காரலில் வயிறு எவ்வளவு கொள்ளும் என்பது ஒரு கேள்வி. உடம்பில் எவ்வளவு சதை ஒட்டும் என்பது வேறொரு கேள்வி. முதலாவது ஒரு பையைப் பற்றியது. இரண்டாவது ஒரு வருஷத்து வரவு செலவு. ஒன்றுக்கும் மற்றதற்கும் நாம் நினைக்கிற அளவுக்குச் சம்பந்தம் கிடையாது.

பையில் ஆரம்பிக்கிறேன்.

ஆச்சியின் இடுப்பில் ஒரு சுருக்குப்பை இருக்கும். வெறும் பையாக இருக்கும்போது ஒரு எலுமிச்சம்பழ அளவுதான். வெற்றிலை, களிப்பாக்கு, சுண்ணாம்பு டப்பா, சில்லறை, என் கம்மர்கட்டு என்று உள்ளே போகப் போக மடிப்பு ஒவ்வொன்றாகப் பிரிந்து விரியும். இரைப்பையும் அதே ஜாதி. காலியாக இருக்கும்போது 75 மில்லி கொள்ளுமா என்பதே சந்தேகம். உட்சுவர் முழுக்க மடிப்பு. உணவு இறங்க இறங்க மடிப்புப் பிரிந்து, ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் வரை வலிக்காமல் விரியும். கல்யாணப் பந்தியில் பாயசத்துக்கு மேல் ரசம், ரசத்துக்கு மேல் மோர் என்று ஏற்றினால் அதற்கு மேலும் போகும்.

இந்தப் பைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. தொண்டையில் உணவு இறங்குகிறது என்று தெரிந்ததுமே அதன் மேல்பாகம் தசையைத் தளர்த்தி இடம் விட்டுக்கொடுக்கிறது. கூட்டமான பஸ்ஸில் யாரோ ஏறுகிறார்கள் என்றதும் ஒதுங்கிக் கொடுக்கிறோம் அல்லவா, அந்த மாதிரி. ஆனால் ஓர் எல்லை உண்டு. சுவர் இழுபட இழுபட அதிலுள்ள நரம்பு முனைகள், வேகஸ் நரம்பு என்ற கம்பி வழியாக மூளைக்குத் தகவல் அனுப்பும்: ‘போதும்’. கூடவே, உணவு சிறுகுடலைத் தொட்டதும் அங்கிருந்து சில ஹார்மோன்கள் புறப்பட்டு அதையே சொல்லும். சர்க்கரை வியாதிக்கும் எடைக்கும் இப்போது ஊசியாகப் போட்டுக்கொள்கிறார்களே, அந்த மருந்துகள் நகலெடுப்பது இந்த ஹார்மோன்களில் ஒன்றான ஜிஎல்பி-1-ஐத்தான். ஹார்மோன் தகவல் போய்ச்சேர்ந்து முழுதாக உறைக்கச் சுமார் 20 நிமிடம் ஆகும். போட்டி 10 நிமிடமோ 12 நிமிடமோதான். அதாவது அந்தத் தபால் வந்துசேரும்போது கடையை மூடியிருப்பார்கள். மிச்சம் இருப்பது நரம்பு சொல்லும் ‘போதும்’ மட்டும். அதை எப்படி அடக்குகிறார்கள்?

இதைக் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2007-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவர்கள் இருவரை வரவழைத்தார்கள். ஒருவர் பேர்பெற்ற போட்டிக்காரர், வயது 29. மற்றவர் 35 வயது சாதாரண ஆள், நன்றாகச் சாப்பிடக்கூடியவர். முதலில் இரைப்பை எவ்வளவு சீக்கிரம் காலியாகிறது என்று தனியே அளந்தார்கள். எல்லாரும் நினைப்பது என்ன? போட்டிக்காரருக்கு ‘ஜீரணம் வேகம்’, போட்டதும் கீழே போய்விடும் என்றுதானே? நேர்மாறு. இரண்டு மணி நேரத்தில் சாதாரண ஆளின் இரைப்பை முக்கால்வாசி காலி. போட்டிக்காரருக்குக் கால்வாசிதான் இறங்கியிருந்தது.

அப்புறம் எக்ஸ்ரே திரைக்கு முன்னால் நிறுத்தி, உள்ளே போவது தெரிவதற்காகப் பேரியம் குடிக்கவைத்து, ஹாட்டாக் கொடுத்தார்கள். சாதாரண ஆள் ஏழில் நின்றுவிட்டார். இன்னும் ஒரு வாய் வைத்தால் வாந்தி என்றார். அவருடைய இரைப்பை திரையில் கொஞ்சம்தான் விரிந்திருந்தது; சுவர்கள் பிசைந்துகொண்டிருந்தன. போட்டிக்காரரோ 10 நிமிடத்தில் 36-ஐ முடித்தார். திரையில் அவருடைய இரைப்பை பிசையவே இல்லை. அசைவற்ற பெரிய தொளதொளப் பையாக மேல்வயிறு முழுவதையும் அடைத்துக்கொண்டு கிடந்தது. வயிறு கர்ப்பிணி வயிறு போல முன்தள்ளிவிட்டது. அவருக்கோ வலியும் இல்லை, குமட்டலும் இல்லை. பயந்துபோய் ‘போதும்’ என்று நிறுத்தியது மருத்துவர்கள்தான்.

ஆக, முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. இவர்களுக்கு ஜீரண சக்தி அதிகம் கிடையாது. இரைப்பை எதிர்ப்புக் காட்டாமல் விரிந்துகொடுக்கிறது, அவ்வளவுதான். சாப்பாட்டு ராமன் என்று நாம் சொல்வது ஆசை அடங்காதவனை. இவர்கள் அந்த ரகமில்லை. ஆசை தீர்ந்த பிறகும் பை அடங்காதவர்கள்.

பிறவியிலேயே கொஞ்சம் நெகிழ்வான பை அமைந்திருக்கலாம். மீதி பழக்கம். போட்டிக்கு முந்தைய வாரங்களில் முட்டைக்கோஸ், தர்பூசணி, தண்ணீர் என்று எடை கனக்கும் ஆனால் சத்துக் குறைந்த பண்டங்களை ஒரே மூச்சில் ஏற்றிப் பையை இழுத்துப் பழக்குவார்கள். நாலு கிலோ முட்டைக்கோஸில் மொத்தமே ஆயிரம் கலோரிதான் (பேச்சு வழக்கில் கலோரி என்பது கிலோகலோரி, நானும் அப்படியே எழுதுகிறேன்). அதாவது பயிற்சி நாளில் வயிறு வெடிக்கிற மாதிரி இருக்கும், உடம்புக்குக் கிடைப்பதோ ஒரு நாள் தேவையில் பாதிக்கும் குறைவு. ஒல்லியாக இருப்பதன் சூட்சுமத்தில் ஒரு பங்கு இங்கேயே இருக்கிறது. வெளியே தெரிவது ஹாட்டாக் மட்டும். முட்டைக்கோஸைப் படம் பிடிக்க யாரும் வருவதில்லை.

வித்தையும் உண்டு. கோபயாஷி சாசேஜை இரண்டாக ஒடித்து ஒரே நேரத்தில் இரண்டு துண்டையும் வாயில் தள்ளுவார். பன்னைத் தனியே எடுத்துத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து விழுங்குவார். உடம்பை நெளித்து, குலுக்கி, உள்ளே போனதைக் கீழே இறக்குவார். பன்னை முக்கும் செய்தியைப் படித்தபோது எனக்கு மாமாவின் சால்னாக் குளம்தான் ஞாபகம் வந்தது. காய்ந்த மாவுக்குள் காற்று நிறைய. நனைந்தால் சுருங்கி வழுக்கிக்கொண்டு இறங்கும். கோனி ஐலண்டில் கண்டுபிடிப்பு என்று கொண்டாடியதை வீரவநல்லூரில் எவனும் கண்டுபிடிப்பு என்றே நினைக்கவில்லை.

இனி இரண்டாவது கேள்வி, ஆச்சியின் கேள்வி. உள்ளே போனது எங்கே போகிறது?

எங்கேயும் மாயமாகிவிடுவதில்லை. சிறுகுடல் கெட்டிக்காரக் கணக்குப்பிள்ளை. வந்ததில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் உறிஞ்சி வரவு வைத்துவிடும். அளவு மீறும்போது கொஞ்சம் ஜீரணமாகாமல் வெளியேறும், அது உண்மை. ஆனால் அதை நம்பி யாரும் ஒல்லியாக இருக்க முடியாது. ‘தின்றுவிட்டு வாந்தி எடுப்பார்கள்’ என்பவர்களும் உண்டு. போட்டி நடக்கும்போது வாந்தி வந்தால் ஆளை நீக்கிவிடுவார்கள் என்பது விதி. அது போக, மூச்சுப் பிடித்துத் தின்றதை எல்லாரும் வெளியேற்றிவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ள அவசியமே இல்லை, ஏனென்றால் கணக்கே வேறு மாதிரி இருக்கிறது.

மாமாவின் 22 புரோட்டாவையே எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ மைதாவில் 20 உருண்டை என்று வைத்தால், ஒன்றுக்கு 50 கிராம் மாவு, 175 கலோரி. பிசையும்போதும் ஊறும்போதும் கல்லிலும் சேரும் எண்ணெய் எட்டு கிராம் என்றால் இன்னொரு 72. ஆக ஒரு புரோட்டா சுமார் 250. இருபத்திரண்டுக்கு 5,500. சால்னாவுக்கு 500 போடுங்கள். மொத்தம் 6,000. பந்தயம் என்பதால் மனுஷன் அன்று மத்தியானம் பட்டினி; ஆகவே அந்த நாள் கணக்கே இதுதான்.

சைக்கிளில் சுற்றி, போஸ்ட் ஏறி இறங்குகிற 55 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,500 வேண்டியிருக்கும். மிச்சம் 3,500. ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். அப்படியானால் ஊரே பேசிய அந்த ராத்திரி, அப்படியே ஒட்டியிருந்தாலும், மாமாவுக்குக் கூட்டியிருக்கக்கூடியது அரைக் கிலோவுக்கும் குறைவு.

அதுவும் ஒட்டவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும், நான் அந்த வீட்டில்தானே இருந்தேன். மறுநாள் மாமா ஏழரைக்குத்தான் எழுந்தார். “வயிறு கல்லு மாதிரி இருக்குக்கா” என்று என் அம்மாவிடம் சொல்லிக்கொண்டே ஒரு செம்பு நீத்தண்ணியில் உப்புப் போட்டுக் குடித்துவிட்டு வேலைக்குப் போனார். மத்தியானம் ஆச்சி உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் செய்திருந்தாள், அவருக்கு உயிர். வாசனையைப் பார்த்ததும் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் சுக்குக் காப்பி, ராத்திரி இரண்டு இட்லி. அடுத்த நாளும் பாதிச் சாப்பாடுதான். முதல் நாள் உள்ளே போனது 1,000, அடுத்த நாள் 1,500 என்று போட்டால், இரண்டு நாள் தேவையான 5,000-இல் 2,500 குறைவு; மிச்சத்தில் அவ்வளவும் கழிந்துவிட்டது. பாக்கி 1,000 கலோரி; நூற்றுச் சொச்சம் கிராம் கொழுப்பு. செரிக்கவே உடம்பு பத்தில் ஒரு பங்கு செலவழிக்கும், அதையும் கழித்தால் இன்னும் குறையும்.

டீக்கடையில் இந்தக் கதை எத்தனையோ தடவை சொல்லப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் 22-ஆவது புரோட்டாவில் முடிந்துவிடும். நீத்தண்ணி கதையை யாரும் சொன்னதில்லை. சொல்லவும் என்ன இருக்கிறது?

மேடைக்காரர்களுக்கும் இதே கதைதான், அளவு மட்டும் பெரிது. ஒரு ஹாட்டாக் 300 கலோரி என்றால் கோபயாஷியின் 50-க்கு 15,000. ஜோயி செஸ்ட்நட் 2021-இல் 10 நிமிடத்தில் 76 தின்றாரே, அதற்கு 22,800. முழுதும் கொழுப்பானாலும் இரண்டு, மூன்று கிலோ. வருஷத்தில் இப்படிப்பட்ட நாட்கள் எண்ணி வைக்கக்கூடியவை. முன்னால் பட்டினி, பின்னால் அரைப் பட்டினி, நடுவில் அளந்த சாப்பாடும் உடற்பயிற்சியும். பிலடெல்பியாவில் சோதித்த அந்த ஆளுக்கு வயிறு நிறைந்த உணர்வே வருவதில்லை. அதனால் தட்டில் எவ்வளவு என்று தானே அளந்து நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. நமக்கு இரைப்பை செய்யும் வேலையை அவர் பேனா பேப்பரோடு செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டி முடிந்து எடை பார்த்தால் ஐந்தாறு கிலோ கூடியிருக்கும். அது தின்ற பண்டத்தின் எடையும் குடித்த தண்ணீரின் எடையும். கோணிச்சாக்கைச் சுமந்துகொண்டு தராசில் ஏறுவது மாதிரி. இறக்கி வைத்தால் போச்சு. நாமும் கல்யாண வீட்டுக்குப் போய்வந்த மறுநாள் மிஷினில் ஏறி, “ரெண்டு கிலோ ஏறிட்டேன்” என்று அலறுகிறோம். மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடம்பு கிளைக்கோஜனாக ஈரலிலும் தசையிலும் அடுக்கும்போது ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் சேர்த்தே வைக்கிறது. ஊறுகாயும் அப்பளமும் கொடுத்த உப்பு இன்னும் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்துவைக்கும். மூன்றாம் நாள் பாருங்கள், பெரும்பாலும் இறங்கியிருக்கும்.

சரி, எல்லாரும் ஒரே மாதிரியா? அதுவும் இல்லை. 1999-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஓர் ஆய்வு. 16 பேருக்கு எட்டு வாரம், அவரவர் தேவைக்கு மேல் தினம் 1,000 கலோரி கூடுதலாக ஊட்டினார்கள். ஒருவருக்குக் கூடிய கொழுப்பு 0.36 கிலோ. இன்னொருவருக்கு 4.23 கிலோ. உணவு ஒன்றுதான், இவ்வளவு வித்தியாசம். காரணம் பெரும்பாலும் உடற்பயிற்சி அல்லாத அசைவுகள்: எழுந்து நடப்பது, நிற்பது, காலாட்டுவது, நெளிவது. அதிகம் தின்றதும் சிலருடைய உடம்பு தானாகவே துறுதுறுவென்று ஆகிவிடுகிறது, சிலருடையது ஆவதில்லை. எங்கள் மாமாவால் ஒரு இடத்தில் பத்து நிமிடம் உட்கார முடியாது. பேசும்போதும் கால் ஆடும். ஆச்சி அதற்கும் திட்டுவாள், காலை ஆட்டினால் வீட்டில் லெட்சுமி தங்கமாட்டாளாம். லெட்சுமியோடு சேர்ந்து கொழுப்பும் தங்கவில்லை போல. ‘சூட்டு உடம்பு’ என்ற ஊர்ப்பேச்சில் துளி உண்மை இருக்கிறது என்றால் அது இவ்வளவுதான்.

தினப்படிக் கணக்குக்கு நேரெதிர் உதாரணமும் ஜப்பானிலேயே இருக்கிறது. சுமோ மல்லர்கள் காலையில் வெறும் வயிற்றோடு பயிற்சி செய்து, பிறகு சாங்கோ என்ற கறியும் காயும் கொதித்த பெரிய சட்டிக் குழம்போடு சோற்றை வளைத்துக் கட்டிவிட்டு, உடனே தூங்குவார்கள். இது போட்டி நாளில் மட்டுமில்லை, தினமும். 150 கிலோவைத் தாண்டுவது அங்கே சாதாரணம்.

போட்டிக்காரர்கள் எல்லாருமே ஒல்லி என்றும் எழுதிவிட முடியாது. செஸ்ட்நட் நூறு கிலோவுக்கு மேற்பட்ட ஆள். 2024 செப்டம்பரில் அவரும் கோபயாஷியும் மறுபடி மோதியபோது 83-க்கு 66 என்று ஜெயித்தது அவர்தான். குண்டர் தின்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒல்லி தின்றால்தான் செய்தி. அதனால்தான் நம் கண்ணில் ஒல்லிகளாகவே படுகிறார்கள். இன்னொரு வாதமும் உண்டு. 1995, 96 இரண்டு ஆண்டும் நாதன்ஸ் பட்டம் வென்ற எட் கிராச்சி என்ற பெருத்த மனிதர், 1997-இல் ஹிரோஃபுமி நகாஜிமா என்ற ஒடிசலான ஜப்பானியரிடம் பட்டத்தைப் பறிகொடுத்தார். யோசித்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: வயிற்றைச் சுற்றியுள்ள கொழுப்பு இடுப்பு வார் மாதிரி இறுக்கி, இரைப்பையை விரியவிடாமல் தடுக்கிறது, ஒல்லிக்கு அந்த வார் இல்லை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது மருத்துவம் நிரூபித்த முடிவு அல்ல, செஸ்ட்நட்டை வைத்துப் பார்த்தால் இடிக்கவும் செய்கிறது. தோற்றவர் சொன்ன சமாதானம் என்ற அளவில் எனக்கு அது பிடிக்கும்.

இதற்கெல்லாம் விலை என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நம் பக்கம் கோயில் கொடைக்கும் பொங்கல் விளையாட்டுக்கும் இட்லிப் போட்டி, வாழைப்பழப் போட்டி வைக்கிற வழக்கம் இருக்கிறது. அந்தப் பிலடெல்பியா மருத்துவர்கள் கவலைப்பட்டது இரைப்பையை நினைத்து. இழுத்து இழுத்துப் பழக்கிய பை ஒருநாள் சுருங்க மறந்துவிட்டால், உணவைக் கீழே தள்ள முடியாமல் தீராத குமட்டலும் வாந்தியுமாகி, இரைப்பையையே எடுக்கவேண்டி வரலாம் என்று எழுதினார்கள். கோபயாஷிக்குத் தாடை மூட்டு போனது 2007-இல். 2024-இல் ஓர் ஆவணப்படத்தில் அவர் சொன்னது அதைவிட மனதைத் தொட்டது: தனக்கு இப்போது பசியே தெரிவதில்லையாம், பசிக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டுவிட்டுச் சந்தோஷமாக எழுகிறவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறதாம்.

வீட்டில் செய்து பார்க்கிறவர்களுக்கு ஆபத்து இன்னும் பக்கத்தில். தண்ணீரை மடமடவென்று லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்து, மூளை வீங்கி உயிரே போகும். தொண்டை அடைப்பு அதைவிட வேகம். 2024 ஓணத்தில், மலைக்கு அந்தப் பக்கம் பாலக்காடு வாளையாறு அருகே ஓர் இட்லிப் போட்டியில் தொண்டையில் இட்லி அடைத்து ஒருவர் இறந்தார். இட்லி மாதிரி சாதுவான பண்டம் வேறு உண்டா? கொடைக் கமிட்டிக்காரர்களுக்கு என் யோசனை, கயிறு இழுக்கும் போட்டியோடு நிறுத்திக்கொள்ளலாம். போட்டி வைத்தே தீருவோம் என்றால், அடைத்துக்கொண்டவனைக் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டவும், பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தொப்புளுக்குச் சற்று மேலே உள்நோக்கி மேலே இழுத்து அழுத்தவும் தெரிந்த ஓர் ஆளை மேடைக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். தண்ணீர் கொடுப்பது உதவாது.

மாமாவைப் போன வருஷம் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். மறுநாள் சொதிச் சாப்பாடு. ரிட்டையராகிப் பல வருஷம் ஆயிற்று, சைக்கிளை விற்றுவிட்டார். சட்டைக்குள் இப்போது ஆள் இருக்கிறார். நல்ல வட்டமான தொந்தி. பந்தியில் சோற்றை ஒரு கை அள்ளிப் போட்டதுமே இலையை மறித்துவிட்டார். “முன்ன மாதிரி இல்ல மருமவனே, ரெண்டு கவளத்துலயே அடச்சிருது” என்றார். ஆனால் அத்தை சொன்ன வேறொரு செய்தி உண்டு. தினம் நாலு மணிக்கு டிவி முன்னால் இரண்டு உளுந்த வடை, சீனி தூக்கலாக ஒரு டீ. தோராயமாக 350 கலோரி. அன்றாடத் தேவைக்கு மேல் அதில் ஒரு 100 மிஞ்சினாலும் வருஷத்துக்கு 36,500. காகிதத்தில் ஏறக்குறைய ஐந்து கிலோ கொழுப்பு. எடை கூடக் கூட உடம்பின் செலவும் கூடுவதால் நிஜத்தில் அவ்வளவு ஏறாது, இருந்தாலும் ஏறும். 22 புரோட்டா செய்யாததை இரண்டு வடை செய்திருக்கிறது.

சொதிக்கு இஞ்சிப் பச்சடியைத் தொட்டுக்கொண்டே, கட்டுரை எழுதப்போகும் விஷயத்தையும் என் மாவுக் கணக்கையும் அவரிடம் சொன்னேன். கிலோவுக்கு இருபது உருண்டை என்றதும் மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“அது முத பத்துக்குத்தாம்லே. மாஸ்டரும் எம்பக்கம்லா பந்தயம் கட்டியிருந்தாம். பதினொண்ணுலேருந்து உருண்டையச் சின்னதாக்கிட்டாம். கிலோவுக்கு முப்பது இருக்கும்.”

அப்படியானால் அந்தப் பன்னிரண்டும் ஒன்றுக்கு 165 கலோரிதான். புரோட்டா மொத்தம் 5,500 அல்ல, 4,500 பக்கம். கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள்.